கரையெல்லாம் நடந்தவருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சதீஷ் பாஸ்கர் சார்,

இந்த மடல் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. 2023-இல் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். ஆனாலும் உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். இந்தியக் கடலாமைகளுக்காக முதலில் ஒருவருக்கு நன்றி சொல்வதென்றால் அது உங்களுக்குத்தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் பலர் உங்கள் பெயரை இப்போதுதான் கேள்விப்படுவார்கள். உறைக்குள் மூடி வைக்காமல் ஊரறிய எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொறியியல் படிக்கத்தான் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தீர்கள். வகுப்பில் இருந்ததைவிடக் கடலில் நீந்திய நேரமே அதிகம் என்று உங்களை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். கிண்டியில், கூப்பிடு தூரத்தில், ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை இருந்தது. அங்கே போகத் தொடங்கிய உங்களைக் கடலாமை பக்கம் திருப்பிவிட்டவர் அவர்தான். அந்தக் காலத்தில் பாம்புக்கும் முதலைக்கும் ஆராய ஆள் இருந்தார்கள். கடலாமையை யாரும் கையில் எடுக்கவில்லை. நீங்கள் எடுத்தீர்கள். பட்டப்படிப்பு நின்றுபோனது.

1970களின் தொடக்கத்தில் எந்தக் கரையில் எந்த ஆமை ஏறுகிறது என்ற விவரம் ஏட்டில் கிடையாது. கடலோரத்து மக்களுக்குத் தெரியும். பங்குனி ஆமையை நம் குப்பத்துக் குழந்தைகூட அடையாளம் சொல்லும். மன்னார் வளைகுடாவில் பேராமை எங்கே மேயும், அழுங்காமை எந்தப் பாரில் ஒதுங்கும் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த அறிவு அந்தந்த ஊரோடு நின்றது. ஒரு கடற்கரையைக் காக்க வேண்டும் என்று அரசிடம் போய்க் கேட்கவேண்டுமானால், இங்கே இத்தனை ஆமை, இந்த மாதத்தில் வருகிறது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. காக்கவேண்டிய கரை எது என்றுதான் தெரியாமல் இருந்தது.

அதை நடந்தே கண்டுபிடிக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். லட்சத்தீவு, கட்ச் வளைகுடா, அந்தமான், நிக்கோபார் என்று 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த நடை பல ஆண்டுகள் நிற்கவில்லை. மொத்தத்தில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தொகையைவிட அதற்குள் அடங்கிய வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. மணலில் நடப்பது சாலையில் நடப்பது மாதிரி இல்லை. கால் புதையும், கெண்டைக்கால் இறுகும், நேரம் போனதே தெரியாமல் தண்ணீர் தீர்ந்துபோகும். நிக்கோபாரில் குறுக்கே ஓடை வந்தால் நீந்தித்தான் கடக்க வேண்டும். அந்த ஓடைகளில் உவர்நீர் முதலைகள் உண்டு.

நடந்தால் மட்டும் போதாது, தடத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். இரவில் ஏறிய ஆமை விடிவதற்குள் கடலுக்குப் போய்விடும். மிஞ்சுவது மணலில் கிடக்கும் கோடுதான். டிராக்டர் ஓட்டிப் போனது மாதிரி இருக்கும். பங்குனி ஆமை இடத்துடுப்பையும் வலத்துடுப்பையும் மாற்றி மாற்றி ஊன்றி வரும். தடத்தின் இரு ஓரமும் முன்பின்னாக விழுந்திருக்கும். பேராமையும் ஏழுவரி ஆமையும் இரண்டு துடுப்பையும் ஒருசேர ஊன்றி உடலை உந்தும். இரு ஓரமும் ஒத்துப்போகும். ஏழுவரி ஆமையின் தடம் ஆறடி அகலத்தையும் தொடும். ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது, முட்டையிட்டதா, தோண்டிப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் திரும்பியதா, இது நேற்றைய தடமா, போன வாரத்துத் தடமா? இவ்வளவையும் மணலைப் பார்த்தே சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொல்லித்தர இங்கே யாரும் இல்லை. நடந்து நடந்தே கற்றுக்கொண்டீர்கள். இன்று சென்னைக் கரையில் ஒரு கல்லூரிப் பெண் டார்ச்சை அணைத்துவிட்டு, நிலா வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, "இது இறங்கின தடம், கூடு மேலே இருக்கு" என்று சொல்கிறாளே, அந்தப் பேச்சு உங்கள் தலைமுறையிலிருந்து வந்தது.

சுஹேலியைப் பற்றி எழுதாமல் உங்களுக்கு எழுதிய மடல் முழுமையாகாது.

லட்சத்தீவில் சுஹேலி ஆளில்லாத தீவு. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் படகே போகாது. பேராமைகள் முட்டையிட ஏறுவதோ அந்த மழை மாதங்களில். ஆகவே அங்கே எத்தனை ஆமை வருகிறது என்று எவரும் எண்ணியதில்லை, எண்ணவும் வழியில்லை. 1982-இல் நீங்கள் எடுத்த முடிவு எளிமையானது, பயங்கரமானது: மழைக்கு முன்னால் போய் இறங்கிக்கொள்வது, மழை முடிந்து படகு வரும்வரை தனியே இருப்பது. ஏறக்குறைய ஐந்து மாதம். தொலைபேசி இல்லை. உடம்புக்கு ஒன்றென்றால் வந்து சேர ஆள் இல்லை. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். இரவெல்லாம் கரையைச் சுற்றி வந்து ஏறிய பேராமைகளை எண்ணினீர்கள், குறித்தீர்கள், பகலில் தூங்கினீர்கள். சொன்னபடி படகு வராமல் காத்துக் கிடந்த கதையும் உண்டு.

அந்தத் தீவிலிருந்து மனைவிக்குக் கடிதம் எழுதிக் குப்பியில் அடைத்துக் கடலில் விட்டீர்கள். ஒரு மாதம் ஆவதற்குள் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கைக்குக் கிடைத்தது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை. தானும் ஒரு கடிதம் எழுதிச் சேர்த்து உங்கள் மனைவிக்கு அஞ்சலில் அனுப்பினார். கேட்கிறவர்கள் எல்லோரும் குப்பியையும் கடலையும் வியக்கிறார்கள். எனக்கு அந்த மீனவரைத்தான் பிடித்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவரின் வீட்டுக்குச் செய்தி சேர வேண்டும் என்று அவர் பட்ட பாடு, கடலோரத்து மனிதர்களுக்கே உரிய ஒன்று. அவருக்கும் இந்த மடலில் என் வணக்கம்.

சார், அந்த ஐந்து மாதத்தில் உங்களுக்கு என்ன கிடைத்தது? பதவி கிடைக்கவில்லை, பணமும் இல்லை. ஒரு தீவின் பேராமைக் கணக்குக் கிடைத்தது. நான் நன்றி சொல்வது குறிப்பாக அதற்கு. வீரத்துக்காக உங்களைப் புகழ்கிறவர்கள் நிறைய. வீரத்தின் முடிவில் ஓர் அறிக்கை எழுதினீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு தேதி, இடம், தடங்களின் எண்ணிக்கை, முட்டையைத் தின்றது நாயா, பன்றியா, உடும்பா, ஆளா என்று எழுதிக் கொடுத்தீர்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தமானிலும் லட்சத்தீவிலும் எங்கே போய்த் தேடுவது என்று தொடங்கியது அந்தத் தாள்களை வைத்துத்தான். அன்றைக்கு எத்தனை இருந்தன என்று தெரிந்தால்தானே இன்றைக்கு எத்தனை குறைந்தன என்று சொல்ல முடியும்.

இனிச் சென்னையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீங்களும் பாம்புப் பண்ணை நண்பர்களும் 1970களில் இந்தக் கரையில் இரவுகளில் நடந்து, முட்டை திருட்டுப்போவதற்குள் எடுத்துப் புதைத்துப் பொரிக்க வைத்தீர்கள். பிறகு அந்த வேலையை அரசு நிறுவனங்கள் சில ஆண்டுகள் செய்தன. அது நின்றபோது, 1988-இல் மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஆனார். உங்கள் காலத்துக் கதைகளைப் புத்தகமாகவும் எழுதினார். மாணவர் அமைப்பு இன்றும் நடக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை, நடு இரவில் தொடங்கி விடியும்வரை. நான் அந்த வரிசையின் கடைசியில் நடந்து வருகிறவள்.

கூடு எடுப்பதைப் பற்றி ஒரு சொல். தடம் முடிகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். முட்டையிட்டு மூடிய பிறகு பங்குனி ஆமை தன் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைத் தட்டி இறுக்கும். கூடு எங்கே என்று எளிதில் தெரியாது. குச்சியை மெல்ல இறக்கிப் பார்த்து, மண் இளகிய இடத்தில் கையால் தோண்டுவார்கள். ஒரு முழ ஆழத்தில், அடி அகன்ற குடுவை வடிவத்தில் குழி. நூறு, நூற்றிருபது முட்டை. அவற்றைப் புரட்டாமல், சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில், அதே வடிவில் குழி வெட்டி வைக்க வேண்டும். நேரம் கடந்தால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டத் தொடங்கிவிடும். அதன்பிறகு புரண்டால் செத்துப்போகும். 45 முதல் 55 நாளில் குஞ்சுகள் மேலே வரும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். கோடை சூடேறிக்கொண்டே போகிற இந்த ஆண்டுகளில் பொரிப்பகத்துக்கு மேலே பந்தல் போடுவது அதனால்தான்.

இங்கே முட்டையை அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. விடலாம், இந்தக் கரை பழைய கரையாக இருந்தால். கடலின் மேல் விழும் விண்மீன் வெளிச்சத்தை நோக்கித்தான் குஞ்சு ஓடும். சென்னையில் சாலை விளக்கும் விடுதி விளக்கும் கடலைவிடப் பிரகாசமாக எரிகின்றன. குஞ்சுகள் ஊருக்குள் போய்ச் சக்கரத்தில் நசுங்கும், இல்லையென்றால் நாய் வாயில் போகும். 2024-இல் தமிழ்நாட்டுப் பொரிப்பகங்களிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. அத்தனை குஞ்சுக்குப் பின்னாலும் தூக்கம் கெட்ட மாணவர்கள், வனத்துறைக் காவலர்கள், குப்பத்து இளைஞர்கள் இருக்கிறார்கள். அப்பா காலத்தில் ஆமை முட்டையைத் தோண்டி விற்ற வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்குக் கூடைகளோடு ரோந்து போகிறார்கள். அவர்களை வாழ்த்த எனக்குச் சொல் போதவில்லை.

ஆனால் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் அது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. முட்டை தேடி நடந்தவர்கள் அந்த மாதம் பிணம் எண்ணினார்கள். ஒன்றை இரண்டாக எண்ணிவிடக்கூடாது என்று ஓட்டில் குறி வைத்து, குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து பெரிதாகும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. முட்டையிடும் பருவம் வரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். செத்தவையோ வளர்ந்த ஆமைகள், முட்டையிடக் கரையை நெருங்கி வந்தவை. ஒரு பருவம் முழுக்கக் கண் விழித்துச் சேர்த்ததை ஒரு மாதத்தில் கடலுக்குள் தொலைத்தோம்.

காரணம் புதிதில்லை. ஆமைக்கு இருப்பது நுரையீரல். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவைமடி கடலடியை அரித்துக்கொண்டு மணிக்கணக்கில் போகும். உள்ளே மாட்டிய ஆமை மேலே வர வழியில்லாமல் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் அந்தக் கரையோரக் கடலில்தான். சட்டத்தை மட்டும் ஒழுங்காக நடத்தினாலே பெரும்பாலான சாவுகள் நின்றுவிடும். இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. அது தொடங்குவது ஏப்ரல் 15. ஆமைகள் வந்து முட்டையிட்டு முடித்துத் திரும்புகிற நேரம் அது.

மடியில் பொருத்தும் ஆமை விலக்குச் சட்டகம் ஒன்றைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கேற்ப உருவாக்கித் தந்திருக்கிறது. கம்பிகளுக்கிடையே இறால் உள்ளே போய்விடும். ஆமை முட்டிக்கொண்டு மேல்வாசல் வழியாக வெளியேறும். கொஞ்சம் மீனும் கூடவே போய்விடுகிறது என்று படகுக்காரர்கள் மாட்ட மறுக்கிறார்கள். டீசல் விலையும் ஆள் கூலியும் ஏறியிருக்கும் நிலையில் அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சட்டகம் இல்லாததால் நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்குவதில்லை. அந்த இழப்பும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அரசு இழப்பீடு கொடுத்தாவது இதை மாட்ட வைக்க வேண்டும். செலவு அதிகம் என்று யாராவது சொன்னால், அந்த ஜனவரியில் எங்கள் கரையில் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பேன்.

மீனவர்களையெல்லாம் ஒரே கூட்டமாக்கித் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஃபைபர் படகில் போகிறவரின் வலையும் மீனும் அதே விசைப்படகால்தான் நாசமாகின்றன. வலையில் ஆமை மாட்டினால் வலையை அறுத்து விடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஒரு வலையின் விலை தெரிந்தவருக்குத்தான் அது எவ்வளவு பெரிய கொடை என்று தெரியும். அவர்களுக்கும் நன்றி. அந்த அறுந்த வலைக்குப் பணம் தருகிற ஏற்பாடு எல்லாக் குப்பத்துக்கும் வரவேண்டும்.

கடைசியாகக் கலத்தியாவைப் பற்றி. இதை எழுத மனம் வரவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் கலத்தியா விரிகுடா. 1970களின் இறுதியில் அந்தத் தீவைச் சுற்றி நடந்து, ஏழுவரி ஆமைகள் அங்கே ஏறுவதை உலகுக்குச் சொன்னவர் நீங்கள். கடலாமைகளில் பெரியது அது. ஓடு கிடையாது, தடித்த தோல்தான். எடை 400, 500 கிலோ. இந்தியப் பெருநிலத்தின் கரைகளில் அது அநேகமாக இல்லாமல் போய்விட்டது. 1997-இல் கலத்தியா சரணாலயமானது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தீவின் தென்முனை நாலு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது; நீங்கள் நடந்த மணல் பெரும்பகுதி காணாமல் போனது. பிறகு கடல் தானே மணலைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆமைகளும் திரும்பின. லிட்டில் அந்தமானில் கருவி பொருத்திய ஓர் ஏழுவரி ஆமை 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்வரை போனதைப் பின்னால் வந்தவர்கள் செயற்கைக்கோள் வழியாகக் கண்டார்கள்.

சுனாமிக்குத் தப்பிய அந்தச் சரணாலயத்தை 2021 ஜனவரியில் ரத்து செய்தார்கள். அதே மாதம் வெளியான தேசியக் கடலாமைச் செயல்திட்டம் அந்தக் கரையை முக்கியமான இடங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அங்கே வரப்போவது சரக்குப் பெட்டகத் துறைமுகம். விமான நிலையம், மின் நிலையம், நகரம் எல்லாம் சேர்த்து முதலில் 72,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட திட்டம். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். ஆமைக்கு மாற்று இடம் பார்ப்போம் என்கிறார்கள். ஏழுவரி ஆமைக்கு அகலமான, ஆழம் உடனே இறங்குகிற, வெளிச்சமில்லாத கரை வேண்டும். அப்படிப்பட்ட கரைகள் நம் நாட்டில் எத்தனை என்று, கால் தேய நடந்து பட்டியல் போட்டவர் நீங்கள். அந்தப் பட்டியல் சிறியது. ஷொம்பென் மக்களும் நிக்கோபாரிகளும் அந்தத் தீவில் வாழ்கிறார்கள். அவர்கள் நிலத்துக்கும் மாற்று என்று ஒன்று இல்லை.

துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கரையில் வேண்டாம் என்கிறேன். வழக்குப் போட்டவர்களும், கட்டுரை எழுதியவர்களும், கையெழுத்து வாங்கியவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். அங்கே ஆமையே பெரிதாக வரவில்லை என்று யாரும் வாயடைத்துவிட முடியாததற்குக் காரணம், நாற்பது ஆண்டுக்கு முன்பே நீங்கள் எழுதி வைத்த குறிப்பும் அதன்மேல் மற்றவர்கள் அடுக்கிய கணக்கும்தான். உங்கள் உழைப்பு இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறது, சார்.

ஜனவரி பிறந்தால் நீலாங்கரையில் நடை தொடங்கிவிடும். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு ஆமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். இந்த முறை அந்தப் பேச்சில் சுஹேலியும் கலத்தியாவும் இடம்பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கணக்கு எழுதும் நோட்டைப் புதியவர்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தேதி, நேரம், இடம், தடத்தின் அகலம், முட்டைகளின் எண்ணிக்கை. ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்றும், இப்படி எழுதத் தொடங்கியவர் யார் என்றும் நானே அவர்களுக்குச் சொல்கிறேன்.

மிகுந்த நன்றியுடன்,
சென்னைக் கரையில் உங்களுக்குப் பின்னால் நடப்பவர்களில் ஒருத்தி